மற்றவை, தமிழ்

ரெக்கார்டு அறையைக் காலி செய்ய வேண்டும் என்று முடிவானபோது கத்தரீனாளுக்கு ஓய்வு பெறப் பதினைந்து மாதம் மிச்சமிருந்தது. ஏலப்பாறையைத் தாண்டி, மலையாள மண்ணின் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவில் இருந்த ஒரு சின்னப் பஞ்சாயத்து அலுவலகத்தில் அவள் சீனியர் கிளார்க். பதினோரு வருடமாக அந்த அறையின் சாவி அவள் கையில்தான். ஜூனில் ஏறும் ஈரம் நவம்பர் வரை இறங்காத ஊர் அது. துணி சுற்றிக் கட்டி வைத்த கட்டுகளை மாதத்துக்கு ஒரு தடவை பிரித்து, காற்றுப் பட வைத்து, பூஞ்சை பிடித்த ஓரங்களைத் துடைத்து மறுபடி கட்டி வைப்பாள். யாரும் செய்யச் சொன்னதில்லை. செய்யாவிட்டாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

புதிதாக மாற்றலாகி வந்த செயலாளர் ஜோபிக்கு அந்த அறை வேறு மாதிரி தெரிந்தது. அலுவலகத்திலேயே வெளிச்சம் நன்றாக வருவது அங்கேதான். கண்ணாடித் தடுப்பு வைத்து நாற்காலிகள் போட்டால் மக்கள் உட்கார்ந்து காத்திருக்க ஒரு கூடமாகிவிடும் என்றார். திட்டத்தில் தப்பு ஒன்றும் இல்லை. மழைக்குள் குடையோடு நிற்பவர்களைக் கத்தரீனாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். திறப்பு விழாவுக்கு எம்.எல்.ஏ. மார்ச் இருபதாம் தேதியைக் கொடுத்துவிட்டார்.

பழைய பதிவேடுகளைக் கழிப்பதற்கென்று ஒரு முறை உண்டு. எது எத்தனை வருடம் இருக்க வேண்டும், எது என்றைக்கும் இருக்க வேண்டும் என்று பிரித்து, கழிப்பவற்றுக்குப் பட்டியல் போட வேண்டும். பட்டியல் மாவட்ட அலுவலகத்துக்குப் போய் அனுமதி வந்த பிறகுதான் ஒரு தாளையும் வாசல் தாண்டி அனுப்பலாம். கத்தரீனாள் ஸ்டூலில் ஏறி நின்று, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு கட்டாக எடுத்துப் பெயர் சொல்ல, கிளார்க் அஞ்சு வராந்தாவில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஏற்றினாள். நாலு நாள் அந்த வேலை நடந்தது.

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. தவக்காலம். ஐந்து மணிக்குக் கோயிலில் சிலுவைப்பாதை. தமிழ் வாசகம் கத்தரீனாள்தான் வாசிக்க வேண்டும். நாலேகால் பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் ஆறு மணிக்கு. தூசியில் இருமி இருமி நெஞ்சு வலித்தது. மேல்தட்டில் கடைசியாக ஒரு கட்டு. அவிழ்த்தாள். பதினோரு புத்தகங்கள்.

அவற்றை அவளுக்குத் தெரியும். பக்கத்தில் பூட்டிப் போன எஸ்டேட் ஒன்றின் ஆஸ்பத்திரிப் புத்தகங்கள். கம்பெனி கைவிட்டுப் போனபோது யாரோ புண்ணியவான் அவற்றை அடுப்பில் போடாமல் பஞ்சாயத்தில் கொண்டுவந்து ஒப்படைத்திருந்தான். அந்தக் காலத்துக் கம்பவுண்டர் நாகர்கோவில் பக்கத்து ஆள் என்பதால் எல்லாமே தமிழில் எழுதியிருந்தது. தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களில் யாருக்கு என்ன காய்ச்சல், யார் வீட்டில் பிரசவம், எந்தப் பிள்ளைக்கு அம்மை குத்தியது. அந்த அலுவலகத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

“சேச்சி, இதை என்னன்னு போடட்டும்?” என்று அஞ்சு கேட்டாள். அலுவலகத்தில் எல்லாருக்கும் பேச்சு மலையாளம்தான்.

“எஸ்டேட்காரங்க புத்தகம். நம்ம பஞ்சாயத்தோடது இல்லை.”

“எதைப் பத்தின புத்தகம்?”

கத்தரீனாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு அடிக்கப் பத்து நிமிடம்.

“ஏதாவது போட்டுக்க அஞ்சு. நேரமாச்சு.”

அஞ்சு தட்டினாள். நாற்பத்தாறாம் வரிசை எண். மற்றவை, தமிழ். எண்ணிக்கை பதினொன்று. அச்செடுத்துக் கொண்டுவந்து நீட்டினாள். ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற இடத்தில் கத்தரீனாள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள். அன்றைக்குச் சிலுவைப்பாதை வாசகத்தைக் குரல் நடுங்காமல் நன்றாகவே வாசித்தாள்.

மார்ச் பதினைந்து ஆகியும் மாவட்டத்திலிருந்து அனுமதி வரவில்லை. ஜோபி இரண்டு தடவை போன் செய்தார். மேசையில் இருக்கிறது, கையெழுத்தாகிவிடும் என்றார்கள். பதினாறாம் தேதி பழைய காகிதம் எடுக்கும் வேன் வந்தது; அதைத் திருப்பி அனுப்பினால் அடுத்து எப்போது வரும் என்று தெரியாது. ஜோபி வாசலில் நின்று சிறிது நேரம் யோசித்துவிட்டு, ஏற்றச் சொன்னார். கட்டுகள் போயின. காகித ஆலைக்குப் போய்க் கூழாகும் சரக்கு அது. இருபதாம் தேதி எம்.எல்.ஏ. வந்து நாடா வெட்டினார்.

அனுமதிக் கடிதம் இருபத்தைந்தாம் தேதி வந்தது. தபால் பிரிப்பது கத்தரீனாளின் வேலை. வாசித்தாள். பட்டியல் முழுவதற்கும் சம்மதம், ஒன்றைத் தவிர. வரிசை எண் நாற்பத்தாறு, ‘மற்றவை, தமிழ்’ என்பது என்ன? விவரம் தெரிவித்து, மறு உத்தரவு வரும்வரை பத்திரமாக வைக்கவும்.

அவள் அதை எடுத்துக்கொண்டு போய் ஜோபியின் மேசைமேல் வைத்தாள். அவர் வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார். மேசை இழுப்பறையைத் திறந்து உள்ளே போட்டு மூடினார்.

“யாரு கேக்கப் போறாங்க சேச்சி” என்றார்.

மூன்று மாதம் யாரும் கேட்கவில்லை. ஜூலையில், மலை முழுக்க மழை இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் பூபதிராஜா வந்தார்.

ஐம்பது வயதிருக்கும். தலையில் கவிழ்த்திருந்த பிளாஸ்டிக் சாக்கை வெளியே உதறிவிட்டு உள்ளே வந்தார். அதே பூட்டிப் போன எஸ்டேட்டின் மூன்றாம் லயத்தில் குடியிருப்பவர். இப்போது வேறு எஸ்டேட்டில் தினக்கூலிக்கு மருந்தடிக்கிறார். அவரோடு மகள் கௌசிகா. பதினெட்டு வயது. பிளாஸ்டிக் உறைக்குள் காகிதங்களை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தாள்.

“அக்கா, பாப்பாவுக்கு நர்சிங் சீட்டு கெடைச்சிருக்கு” என்றார் பூபதிராஜா. “எஸ்.சி. கோட்டாவுல. இருவத்தாறாந் தேதிக்குள்ள சாதி சர்டிபிகேட்டு கொடுக்கணுமாம். தாலுக்கா ஆபீஸ்ல போய்க் கேட்டா, அம்பதாம் வருசத்துக்கு முன்னாடியே நீங்க இங்கன இருந்ததுக்குக் காயிதம் கொண்டான்னு சொல்லிட்டாக.”

மலையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது பழைய தலைவலி. தாத்தன் காலத்திலிருந்து இங்கே கொழுந்து கிள்ளியிருந்தாலும், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுக்கு முன்னால் குடும்பம் இந்த மண்ணில் இருந்தது என்று காகிதம் பேச வேண்டும். லயத்தில் பிறந்து லயத்தில் செத்தவர்களுக்கு என்ன காகிதம் இருக்கும். கத்தரீனாளும் லயத்தில் பிறந்தவள்தான். ஆனால் எஸ்.சி. கோட்டா இல்லாத கிறிஸ்தவக் குடும்பம் என்பதால் அந்தச் சர்டிபிகேட்டுக்காக அவள் வீட்டில் யாரும் எந்த வாசலிலும் நின்றதில்லை.

“நம்ம லயத்து சித்ரா இல்ல, அவுகளுக்கு ஆறு வருசத்துக்கு முந்தி இங்கனதான் எடுத்துக் கொடுத்தீக” என்று சொல்லி மகளைப் பார்த்தார். கௌசிகா உறைக்குள்ளிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து மேசையில் வைத்தாள்.

அம்மை குத்திய புத்தகத்தின் நகல் குறிப்பு. வருடம் 1948. மூன்றாம் லயம். சித்ராவின் தாத்தா பெயர், அவருடைய தகப்பன் பெயர், வயது மூன்று. கீழே, உண்மை நகல் என்ற முத்திரைக்குப் பக்கத்தில் கத்தரீனாளின் கையெழுத்து.

“எங்கய்யாவும் அதே லயம், அதே வருசம்” என்றார் பூபதிராஜா. “சன்னாசின்னு பேரு. தகப்பன் வீரணன். கம்பவுண்டரு அம்மை குத்துனத அய்யா சொல்லிக்கிட்டே இருப்பாரு. கையில தழும்பு இருந்துச்சு. அந்தப் புத்தகத்துல பேரு இருக்கும்க்கா. அத மட்டும் எடுத்துத் தாங்க.”

கத்தரீனாள் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெக்கார்டு அறை இருந்த இடத்தில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நீல நாற்காலிகளில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். புத்தகம் இல்லை என்று சொல்லிவிட அப்போதே வாய் வந்தது. வந்த வாயில் வேறு சொல் விழுந்தது.

“தேடிப் பாக்கணும். திங்கக்கிழமை வாங்க.”

“சரிக்கா” என்று சந்தோஷமாகவே எழுந்து போனார்கள்.

அவள் தேடவும் செய்தாள். அதுதான் அவளுக்கே புரியவில்லை. மிச்சமிருந்த பதிவேடுகளை மாடிப்படிக்குக் கீழே இரண்டு இரும்பு அலமாரிகளில் அடுக்கியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிடாமல் அவை இரண்டையும் கடைசித் தாள்வரை புரட்டினாள். வேனில் ஏற்றும்போது ஒரு கட்டு தப்பி விழுந்திருக்கலாம், யாராவது எடுத்து வைத்திருக்கலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அஞ்சு வந்து என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள்.

திங்கட்கிழமை காலை அவர்கள் வருவதற்கு முன்னால் ஜோபியிடம் போனாள். அவர் முழுவதையும் கேட்டார். முகம் மாறவில்லை, பேனாவை மட்டும் மூடித் திறந்து மூடினார்.

“தேடியும் கிடைக்கவில்லைன்னு எழுதிக் கொடுங்க.”

“கிடைக்காதுன்னு நமக்குத் தெரியும் சார்.”

“அழிச்சாச்சுன்னு எழுதினா, எந்த உத்தரவுல அழிச்சீங்கன்னு கேப்பாங்க. உத்தரவுல என்ன இருக்குன்னு சேச்சிக்குத் தெரியும். எனக்கு மெமோ வரும், அது வரட்டும். பட்டியல்ல சரிபார்த்ததா கையெழுத்து யாரோடது?” பேனாவைக் கீழே வைத்தார். “இன்னும் பத்து மாசம். நிம்மதியா ரிட்டயர் ஆகுங்க.”

அவர் மிரட்டுகிற மாதிரி சொல்லவில்லை. உண்மையிலேயே அவளுக்காக யோசிக்கிறவர் மாதிரிதான் சொன்னார். அதனாலேயே அவளுக்கு மறுத்துப் பேச வரவில்லை. தன் மேசைக்கு வந்து, ‘மேற்படி பதிவேடு இவ்வலுவலகத்தில் தேடியும் கிடைக்கப்பெறவில்லை’ என்று தட்டி, அச்செடுத்து, முத்திரை வைத்தாள்.

பூபதிராஜா அந்தத் தாளைக் கையில் வாங்கி மகளிடம் கொடுத்தார். கௌசிகா வாசித்தாள்.

“ஆறு வருசத்துக்கு முன்னாடி இருந்தது இப்ப எப்படிக் கெடைக்காமப் போகும்?” என்றாள்.

“ரூம் மாத்தினோம். அதுல எங்கயோ மாறிப் போச்சு.”

“நாங்க வந்து தேடலாமா? நானும் அப்பாவும் நாள் முழுக்க இருந்து தேடித் தாறோம்.”

“வெளியாளுக தொடக்கூடாதும்மா” என்றாள் கத்தரீனாள்.

வெள்ளிக்கிழமை அவர்கள் மறுபடி வந்தார்கள். தாலுக்கா ஆபீஸில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு நேராக வருகிறார்கள். பூபதிராஜாவின் வேட்டி முழங்கால்வரை சேறு. இந்த முறை அவர் நேராகக் கத்தரீனாளின் மேசைக்கு வந்து, உட்காராமல், தாழ்ந்த குரலில் பேசினார்.

“அக்கா, அங்க ஒரு சாரு நல்லபடியாச் சொன்னாரு. கெடைக்கலன்னா புத்தகம் எங்கயோ இருக்குன்னு அர்த்தமாம். தேடி எடுத்துட்டு வான்னுதான் சொல்ல முடியுமாம். அழிஞ்சு போச்சு, இனி இல்லன்னு எழுதித் தந்தா, அவுகளே லயத்துக்கு வந்து நாலு பேர வச்சு விசாரிச்சு எழுதலாமாம். அழிஞ்சிருந்தா அழிஞ்சதுன்னே எழுதித் தந்துருங்கக்கா. நாங்க ஆரையும் கொற சொல்ல மாட்டோம்.”

அவ்வளவு பெரிய விஷயம் ஒரு சொல்லில் தொங்குகிறது என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. பதினோரு வருடம் அந்த முத்திரையைக் கையில் வைத்திருந்தவளுக்குத் தெரியாது. ஜோபியின் அறையைப் பார்த்தாள். அவர் அன்றைக்கு லீவு.

“செக்ரட்டரி வரட்டும்” என்றாள். “புதன்கிழமை.”

“இருவத்தாறாந் தேதி வெள்ளிக்கிழமைக்கா.”

“தெரியும்.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் கணவன் பாஸ்கலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பாஸ்கல் எஸ்டேட் லாரி ஓட்டி முதுகு போய் வீட்டில் இருப்பவர். குடையைப் பிடித்தபடி தேயிலைக்கு நடுவே நின்று கேட்டார்.

“நீ மட்டுமா செஞ்ச? ஆபீசரு சொல்லித்தான செஞ்ச?”

“புத்தகம் என்னதுன்னு எனக்குத் தெரியும்லா. அவருக்குத் தெரியாது. அஞ்சு கேட்டா, நான் சொல்லல.”

“அதுக்கு இப்ப பென்சனைத் தூக்கிக் குடுக்கப் போறியா? நம்ம மக ஜோமோள் கலியாணம் கெடக்கு.” சிறிது தூரம் நடந்த பிறகு மறுபடி சொன்னார். “அந்தப் பிள்ளைக்கு அடுத்த வருசம் சீட்டு கெடைக்கும். உனக்கு அடுத்த வருசம் வேல கெடைக்காது.”

மறுநாள் ஜோபி வந்தார், அழிந்ததென்று எழுதலாமா என்று கேட்டாள், முடியாது என்றார். செவ்வாய் போனது. புதன்கிழமை பூபதிராஜா வந்து நீல நாற்காலியில் காலையிலிருந்து சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் போய்விட்டார். வியாழக்கிழமையும் வந்து உட்கார்ந்தார்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு, ஜோபி வார்டு கூட்டத்துக்கு வெளியே போயிருந்த நேரத்தில், கத்தரீனாள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். கம்ப்யூட்டரில் தட்டவில்லை, கையாலேயே எழுதினாள். அம்மை குத்திய பதிவேடு உட்பட எஸ்டேட் ஆஸ்பத்திரியின் பதினோரு தமிழ்ப் பதிவேடுகள் மார்ச் பதினாறாம் தேதி கழிக்கப்பட்டுக் காகித ஆலைக்கு அனுப்பப்பட்டன. அவை இனி கிடைக்க வழியில்லை. இதற்கு முன் கிடைக்கவில்லை என்று கொடுத்த கடிதம் தவறு. ரெக்கார்டு பொறுப்பாளர், கத்தரீனாள். தேதி. முத்திரை.

பூபதிராஜா அதை வாங்கிக்கொண்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார். நன்றி சொல்லவில்லை. கோபப்படவும் இல்லை. மணியைப் பார்த்துவிட்டு மழையில் ஓடினார். அவர் தாலுக்கா ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது நாலேமுக்கால். கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள். விசாரணைக்கு ஆள் அனுப்புவதற்குக் குறைந்தது பத்து நாளாவது ஆகும் என்றார்கள். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, இருபத்தாறாம் தேதி, கௌசிகாவின் சீட் வரிசையில் அடுத்திருந்த யாருக்கோ போனது.

சீட் போனாலும் சர்டிபிகேட் வந்தால் அடுத்த வருடமாவது ஆகும் என்று பூபதிராஜா விடவில்லை. ஆகஸ்ட் நடுவில் டெபுடி தாசில்தார் லயத்துக்கு வந்தார். அமைதியான மனிதர். ஒழுகும் தகரக் கூரைக்குக் கீழே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். சித்ரா வந்து தன் நகலைக் காட்டினாள். கங்காணி வம்சத்தில் மிச்சமிருந்த ஒரு கிழவர், வீரணனைத் தெரியும் என்றார். எந்த வருடம் என்று கேட்டபோது, வெள்ளைக்காரத் துரை இருந்த காலம் என்று மட்டும் சொல்ல முடிந்தது. கத்தரீனாளையும் வரச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் அவளுக்கும் ஜோபிக்கும் மெமோ வந்துவிட்டது. ஜோபி அவளோடு பேசுவதை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது.

“அந்தப் புத்தகம் உங்க அலுவலகத்துல இருந்ததா?” என்று டெபுடி தாசில்தார் கேட்டார்.

“இருந்தது சார்.”

“நாற்பத்தெட்டாம் வருசத்துப் பதிவு?”

“ஆமா சார்.”

“மூணாம் லயத்துப் பிள்ளைங்க பேரு?”

“ஒரு பக்கம் முழுக்க இருந்தது. சித்ராவுக்கு நகல் எடுத்தப்போ அந்தப் பக்கத்தப் பாத்தேன்.”

அவர் எழுதிக்கொண்டே வந்தார். தலை நிமிராமல் அடுத்ததைக் கேட்டார்.

“வீரணன் மகன் சன்னாசி. அந்தப் பேரை நீங்க அந்தப் பக்கத்துல வாசிச்சீங்களா?”

பூபதிராஜா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கௌசிகா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

கத்தரீனாள் கண்ணை மூடி அந்தப் பக்கத்தை நினைத்துப் பார்த்தாள். விரல் வரிசையாகக் கீழே இறங்கிப் போனது நினைவிருந்தது. சித்ராவின் தாத்தா பெயரில் விரல் நின்றதும் நினைவிருந்தது. அதற்கு மேலும் கீழும் பத்துப் பன்னிரண்டு பெயர்கள் இருந்தன. சன்னாசி என்ற பெயரை ஜூலையிலிருந்து எத்தனையோ தடவை அவள் மனதுக்குள் அந்தப் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டாள். அதனால் இப்போது அது அங்கே இருந்தது. ஆனால் எழுதியது கம்பவுண்டரா, தானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆமா என்று ஒரு சொல் சொன்னால் முடிந்துவிடும். யாராலும் பொய் என்று காட்ட முடியாது. காட்டுவதற்குப் புத்தகம் இல்லை.

“பேரு பாத்த ஞாபகம் இல்ல சார்” என்றாள். “இருந்திருக்கலாம்.”

“இருந்திருக்கலாம்னு நான் எழுத முடியாதும்மா.”

“தெரியும் சார்.”

அவர் எழுதி முடித்துக் கையெழுத்து வாங்கினார். ஜீப் போன பிறகு ஆட்கள் கலைந்தார்கள். கத்தரீனாள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது பூபதிராஜா பக்கத்தில் வந்தார். இந்த முறை அக்கா என்று கூப்பிடவில்லை.

“மொதல்ல இல்லாத புத்தகத்த இருக்கும்னு சொல்லி எங்கள அலைய விட்டீக. அப்ப வாய் வந்துச்சு. இன்னைக்கு ஒரு வார்த்த. அது வரல, பாத்தீகளா.”

உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னாளா, அல்லது மெமோவுக்கு மேல் இன்னொரு பொய்ச்சாட்சி வழக்கு வந்துவிடும் என்ற பயமா என்று அன்றைக்கு லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கும் வழி முழுக்க யோசித்தாள். பிறகு பல நாள் யோசித்தாள். இரண்டும் இருந்தது என்றுதான் தோன்றியது. எது முதலில் வந்தது என்பதுதான் தெரியவில்லை.

செப்டம்பரில் தாலுக்காவிலிருந்து பதில் வந்தது. போதுமான ஆதாரம் இல்லாததால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது, மேல்முறையீடு செய்யலாம். ஜோபியை வடக்கே வேறு ஜில்லாவுக்கு மாற்றினார்கள். கத்தரீனாள்மேல் விசாரணை நடந்துகொண்டே இருந்தது. மே மாதக் கடைசியில் அவள் ஓய்வு பெற்றபோதும் அது முடியவில்லை. பென்ஷன் காகிதங்கள் பாதியில் நின்றன. பிரிவு உபசாரம் வைக்க அஞ்சு ஆசைப்பட்டாள். வேண்டாம் என்று கத்தரீனாள் சொல்லிவிட்டாள். சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, நாலேகால் பஸ்ஸுக்கு நடந்தாள்.

ஜூனில் ஒருநாள் அவள் பாஸ்கலுக்கு மருந்து வாங்கிக்கொண்டு ஏலப்பாறையிலிருந்து பஸ் ஏறினாள். கூட்டம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்த பிறகுதான் அது கௌசிகா என்று தெரிந்தது. டவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குப் போகிறாள் என்று சித்ரா சொல்லிக் கேள்விப்பட்டிருந்தாள். எழுந்துவிடலாமா என்று நினைத்தாள். பஸ் கிளம்பிவிட்டது.

இரண்டு ஸ்டாப் போயின. ஜன்னலில் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“அந்தப் புத்தகம் எப்படி இருந்துச்சு?” என்று கௌசிகா கேட்டாள். முகத்தைத் திருப்பவில்லை.

கத்தரீனாள் மருந்துப் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

“நீளப் புத்தகம். பச்சத் துணி அட்டை. முதல் நாலஞ்சு பக்கம் பூச்சி அரிச்சிருந்தது. மிச்சமெல்லாம் நல்லா இருந்தது. நீல மசி. கம்பவுண்டரு கையெழுத்து சாய்ஞ்சு சாய்ஞ்சு இருக்கும். பிள்ளைங்க பேருக்கு நேரா, குத்தினப்போ அழுததா இல்லையான்னுகூட எழுதியிருந்தாரு.”

“அழுததையுமா?”

“சில பிள்ளைக்கு மட்டும்.”

வண்டி வளைவில் சாய்ந்தபோது இருவர் தோளும் இடித்துக்கொண்டன.

“அப்பீல் வர்ற இருவத்தொண்ணாந் தேதி” என்றாள். “தொடுபுழாவுல ஆபீசரு முன்னால. வக்கீலு இல்ல. அப்பாவும் நானுந்தான் போறோம்.”

“நான் வாரேன்” என்றாள் கத்தரீனாள். “புத்தகம் இருந்ததச் சொல்லுதேன். அழிச்சது யாருன்னும் சொல்லுதேன். எனக்குத் தெரிஞ்சத மட்டுந்தான் சொல்ல முடியும்.”

கௌசிகா வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. லயத்துக்குப் பிரியும் இடம் வந்ததும் கம்பியைப் பிடித்து எழுந்தாள். கத்தரீனாள் காலை ஒதுக்கி வழி விட்டாள். கீழே இறங்கிய பிள்ளை குடையை விரித்து, வழுக்கும் மண்பாதையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து ஏறிப் போனாள். பஸ் நகர்ந்தது.